ஒரு புள்ளியும் பதினான்கு கையெழுத்தும்

முதலில் மன்னிப்பு. கதை எழுதும் தகுதி எனக்கு உண்டென்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை, இப்போதும் எண்ணவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக நகர வளர்ச்சி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் படவரைவாளனாகக் கோடு இழுத்து வருகிறேன். வாக்கியம் எழுதிப் பழக்கமில்லை. பள்ளியில் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் வாங்கியதுண்டு. ஆயினும் அவை முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று ஆசிரியர் வகுத்துத் தந்த வழியில் எழுதியவை. ஆகவே எங்கேனும் தடம் மாறினால் வாசகர்கள் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மேலதிகாரிகள் எவரேனும் படிக்க நேர்ந்தால், அவர்கள்பால் எனக்குள்ள மரியாதையில் இம்மியும் குறையவில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நடந்ததைக் கூட்டக் குறிப்பில் சேர்த்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குரிய பத்தி அந்தப் படிவத்தில் இல்லை.

எங்கள் வீட்டிலிருந்து ஏழு நிமிட நடையில் ஒரு ரயில் நிறுத்தம் இருந்தது. நிலையம் என்று அழைத்தால் அதுவே கூச்சப்பட்டிருக்கும். அறுபது தப்படி நீளத்தில் ஒரு மேடை, ஒரு விளக்குக் கம்பம், ஒரு சிமெண்டு பெஞ்சு, மழையில் எழுத்து கரைந்துபோன ஒரு பெயர்ப்பலகை. கூரை கிடையாது. காலை ஏழு பன்னிரண்டுக்கு ஒரு வண்டி போகும். மாலை ஐந்து நாற்பதுக்கு அதே வண்டி திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் நாற்பது விநாடி நிற்கும். டிக்கெட் கொடுக்கத் தனியாக ஆள் இல்லாததால் வண்டியின் கார்டே இறங்கி வந்து கிழித்துக் கொடுப்பார்.

என் அக்கா பத்தொன்பது ஆண்டுகளாக அந்த ஏழு பன்னிரண்டில் வேலைக்குப் போய்வந்தாள். பெரிய மருத்துவமனையில், அறுவைக் கருவிகளைக் கழுவி, ஆவியில் வேகவைத்து, துணியில் சுற்றி முத்திரையிடும் அறையில் அவளுக்கு வேலை. முதல் அறுவைச் சிகிச்சை ஒன்பது மணிக்கு என்பதால் எட்டு மணிக்கு அவள் அந்த அறைக்குள் இருந்தாக வேண்டும். பேருந்தில் போவதென்றால் இரண்டு மாற வேண்டும். முதல் பேருந்தைப் பிடித்தாலும் எட்டு இருபதுக்கு முன் போய்ச் சேர முடியாது. மாமா காலமான பிறகு அவள் என்னுடன்தான் இருக்கிறாள். பேச்செல்லாம் கத்தரி, இடுக்கி பற்றியே இருக்கும். ஒரு கருவியில் ஈரம் தங்கியதை வெளிச்சத்தில் பிடித்துக் கண்டுகொண்ட நாளில் வீட்டில் பாட்டுக்கூடக் கேட்கும்.

இந்நிலையில்தான் எங்கள் பகுதிக்குப் புதிய புறநகர் ரயில் நிலையமும், அதைச் சுற்றி ஒரு புதுக் குடியிருப்பும் வருவதாக முடிவாயிற்று. ரயிலை நம்பி ஊர் வளர வேண்டும். வீடு, கடை, அலுவலகம் யாவும் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் அமைய வேண்டும். காருக்கு வேலையே இருக்கக் கூடாது. இதுவே திட்டத்தின் சாரம். எங்கள் தலைமைத் திட்ட அதிகாரி இதை விளக்கும்போது தம்மை மறந்து கண்ணை மூடிக்கொள்வார்.

அவருக்கு அலுவலகத்தில் வட்டம் என்று பெயர். எதையும் வட்டம் போட்டே தொடங்குவார் என்பதால் வந்த பெயர். நான் அவரை அப்படி அழைத்ததில்லை. இங்கே வசதிக்காக மட்டும் பயன்படுத்துகிறேன். பத்து நிமிட நடை என்றால் எண்ணூறு மீட்டர். அவர் காம்பஸை ஊன்றினார், ஒரே சுழற்றில் வட்டம் விழுந்தது. வட்டத்தின் குறுக்கே எட்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் பறக்கும் பெருஞ்சாலை ஒன்று போவதை நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"சாலை வட்டத்துக்குள்ளதானே இருக்கு?" என்றார்.

"ஆமாம் சார்."

"அப்போ நடக்கிற தூரம்தான்."

அதற்குப் பிறகு நான் எதையும் சுட்டிக்காட்டவில்லை. பத்து நிமிட நடையை நேரில் சோதிக்க ஒரு குழு அனுப்பப்பட்டது. வெயில் கடுமையாக இருந்ததால் ஜீப்பிலேயே போனார்கள். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. பொதுமக்களுக்கு ஏழு நிமிடம் மிச்சமாகும் என்று அறிக்கை எழுதினார்கள்.

அக்காவிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை.

"பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டியா? சும்மா அளக்காதடா."

"திட்டத்துல அப்படித்தான் இருக்குக்கா."

"பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு எனக்கு எதுக்கு? ஏழு பன்னிரண்டுக்கு ஒண்ணு ஒழுங்கா வந்தா போதும். கூரை போடுவாங்களா?"

"நாலு நடைமேடை, எஸ்கலேட்டர், கண்ணாடி மண்டபம்..."

"கூரைடா."

"போடுவாங்கக்கா."

"மீட்டிங்ல நீ ஒரு வார்த்தை சொல்லி வை. யூனிபார்ம் நனைஞ்சு போனா உள்ளே விட மாட்டேங்கறாங்க. போன மழையில நான் பையைத் தலையில வச்சுக்கிட்டு நின்னேன், கார்டு பாத்துட்டு ஒரே சிரிப்பு."

சொல்கிறேன் என்று வாக்களித்தேன். கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. மாறாக, திட்டத்தின் விளம்பரப் படத்தில் ஆட்களை ஒட்டும் வேலை என்னிடம் வந்தபோது, பலூன் பிடித்த குழந்தைக்கும் சிரித்தபடி சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் நடுவே, நடைமேடைக் கூரையின் கீழே, தோளில் பையுடன் என் அக்காவின் புகைப்படத்தை வெட்டி ஒட்டினேன். அவள் அளவு சற்றுச் சிறியது. யாரும் கவனிக்கவில்லை.

இவ்விடத்தில் எங்கள் அலுவலக வழக்கம் ஒன்றைக் கூற வேண்டும். கணினிகள் வந்து நெடுங்காலமாயிற்று. எனினும் பதினான்கு துறைகளும் கையெழுத்திடும் மூலப்படம் மட்டும் இன்றும் டிரேசிங் தாளில் மையால்தான் வரையப்படுகிறது. கையெழுத்தான பின் அதில் ஒரு கோடு சேர்ப்பதானாலும் படம் மறுபடி பதினான்கு துறைக்கும் சுற்றி வர வேண்டும். நீக்குவதற்கோ ஒரு கையெழுத்தும் வேண்டாம். எல்லோரும் ஒப்புக்கொண்டதில் ஒன்று குறைந்தால் யாருக்கு என்ன ஆட்சேபம் என்பது முன்னோர் எண்ணம். அரை பிளேடால் மையை இதமாகச் சுரண்டி, ஊதிவிட்டு, விரலால் தடவினால் தீர்ந்தது. இந்த வேலையில் கை சுத்தம் என்று பெயர் வாங்கியவன் நான்.

அந்தப் பதினான்கு கையெழுத்தும் சேர எட்டு மாதம் பிடித்தது. ஒவ்வொரு துறையும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்த பிறகே பேனாவைத் திறந்தது. வாகன நிறுத்தப் பொறியாளர் இரண்டாயிரம் காருக்கு இடம் கேட்டார்.

"காரே இல்லாத குடியிருப்புன்னு திட்டத்துல சொல்லியிருக்கே சார்," என்றார் வட்டம்.

"காரே இல்லாம வாழணும்னா, இருக்கிற காரை எங்கேயாவது நிறுத்தணும் இல்லையா?"

 நிலையத்தின் நேர் எதிரே இரண்டாயிரம் காருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. கையெழுத்து முடிந்தபின் நீக்கும் காலம் தொடங்கியது. சைக்கிள் பாதை போயிற்று. பேருந்து நிறுத்தம் போயிற்று. சிறிய வீடுகள் இருந்த தொகுதி, பெரிய வீடுகளின் காற்றோட்டத்துக்கு இடைஞ்சல் என்று போயிற்று. நான் சுரண்டிக்கொண்டே இருந்தேன். தாள் நாளுக்கு நாள் அழகாகிக்கொண்டு வந்தது.

மேலிடத்துக்குப் படம் போவதற்கு முந்தைய நாள் வட்டம் அதை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார்.

"என்ன இது, வட்டத்துல ரெண்டு நிலையம்?"

"ஒண்ணு புதுசு சார். இன்னொண்ணு இப்ப இருக்கிற நிறுத்தம்."

"பாக்கறவங்க குழம்பிடுவாங்க. படம்னா சுத்தமா இருக்கணும். இந்தச் சின்னதை எடுத்துடுங்க."

நான்கு மில்லிமீட்டர் புள்ளி அது. நான் எடுத்துவிட்டேன். அரை நிமிட வேலை. படத்தில்தானே எடுத்தோம், தரையில் மேடை அப்படியே இருக்கிறதே என்று என்னைத் தேற்றிக்கொண்டது நினைவிருக்கிறது. மறுநாள் காலை அக்கா வழக்கம்போல் ஏழு பன்னிரண்டில் போனாள்.

ஆறு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கார்டு கையில் ஒரு தாளுடன் மேடையில் இறங்கினார். ரயில்வேயின் கால அட்டவணைப் பிரிவு எங்கள் படத்தைத் தங்கள் நிறுத்தப் பட்டியலோடு ஒப்பிட்டிருக்கிறது. பட்டியலில் இருக்கும் ஒரு நிறுத்தம் படத்தில் இல்லை. பதினான்கு துறை ஒப்புக்கொண்ட படம் பொய் சொல்லாது என்பதால் பட்டியலைத் திருத்திவிட்டார்கள். பிழையைக் காட்டிக்கொடுத்ததற்காக எங்களுக்கு நன்றிக் கடிதமும் வந்தது.

"திங்கள்லேருந்து இங்கே நிக்காதும்மா," என்றாராம் கார்டு. "படத்துல நம்ம நிறுத்தம் இல்லையாம்."

"நான் உங்க கண்ணு முன்னாடி நிக்கறேனே."

"நீங்களும் படத்துல இல்லையேம்மா."

அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் எதிரே நின்றாள். "உன் ஆபீஸ் படம்தானாம். என்னடா நடந்துச்சு?"

"மேலிடத்துல ஏதோ... நான் பாக்கறேன்கா."

 அவள் செருப்பைக் கழற்றினாள்.

திங்களன்று அவள் மேடைக்குப் போகத்தான் செய்தாள். வண்டி வேகம் குறையாமல் கடந்தது. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு கையை உயர்த்தினாராம். அன்று அவள் மருத்துவமனைக்குள் நுழைந்தது எட்டு இருபத்தைந்துக்கு. வாரம் முடிவதற்குள் கண்காணிப்பாளர் அம்மாள் கூப்பிட்டு ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். அதற்குள் எட்டு மணிக்கு வர வழி செய்துகொள்ள வேண்டும். முடியாவிட்டால் வேறு ஆளைப் போடுவார்கள். "அந்த அம்மா மேல தப்பு சொல்ல முடியாதுடா," என்றாள் அக்கா. "வயித்தைக் கிழிச்சு வச்சுக்கிட்டு இருபத்தஞ்சு நிமிஷம் யாரு காத்துக்கிட்டிருப்பாங்க?"

நான் மூலப்படத்தை எடுத்து, அதே இடத்தில், அதே நான்கு மில்லிமீட்டரில் புள்ளியை மறுபடி வைத்தேன். சுரண்டிய இடத்தில் மை சற்றுப் பரவும். எவ்வளவு கை சுத்தமாயினும் அதைத் தவிர்க்க இயலாது. பிறகு படத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு பதினான்கு துறைக்கும் கிளம்பினேன். ஓர் அலுவலகத்துக்குள் நானாகவே கதவைத் தட்டி நுழைந்தது அதுவே முதல் முறை.

"என்ன சார், படத்தைத் தூக்கிக்கிட்டு வரன் பாக்கப் போறீங்களா?" என்று தட்டச்சுக்காரி கேலி செய்தாள்.

பூங்காத் துறையில் புள்ளியை மரம் என்று எண்ணி, ஒரு மரமாவது வைக்கிறீர்களே என்று பாராட்டிக் கையெழுத்திட்டார்கள். தீயணைப்புத் துறை, நாற்புறமும் திறந்த மேடைக்கு அவசர வழி எங்கே என்று கேட்டது. நாற்புறமும்தான் என்று எழுதிக் கொடுக்க ஐந்து நாள் ஆயிற்று. வாகன நிறுத்தப் பொறியாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இதுல எத்தனை கார் நிக்கும்?"

"ஒண்ணும் நிக்காது சார்."

"அப்புறம் எதுக்குய்யா இந்தப் பாடு?" என்று இரக்கப்பட்டே கையெழுத்துப் போட்டார்.

வட்டமும் போட்டார். படம் கொஞ்சம் அசிங்கமாயிற்று என்று மட்டும் வருந்தினார். இருபத்தாறு நாளில் பதின்மூன்று கையெழுத்து சேர்ந்தது. அன்று மாலை அக்காவிடம், ஒன்றுதான் பாக்கி என்றேன். அவள் யூனிபார்மை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தாள்.

பதினான்காவது, ரயில்வேயின் கால அட்டவணை அதிகாரி. மிக மரியாதையான அம்மையார். என்னை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்து, ஒரு பதிவேட்டைப் புரட்டினார்.

"போன மாசம் இந்த நிறுத்தத்துல ஏறினவங்க சைபர்னு இருக்கே."

"வண்டி நிக்கலையே மேடம்."

"அதனாலதான் சைபர். நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே."

"இல்லை மேடம்."

"ஆளே ஏறாத இடத்துல புதுசா நிறுத்தம் சேர்க்க எனக்கு அதிகாரம் கிடையாது." படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அக்கா இடுக்கியில் ஈரம் பார்ப்பதும் இப்படித்தான். "புள்ளியைச் சுத்தி மை பரவியிருக்கு. இங்கே முன்னாடி ஏதாவது இருந்து அழிச்சீங்களா?"

நான் டீ டம்ளரை எடுத்துக்கொண்டேன்.

"எதுக்குக் கேக்கறேன்னா, முதல் தடவை எல்லாரும் கையெழுத்துப் போட்டப்போ இது படத்துல இருந்திருந்தா, இது சேர்க்கிறதே இல்லை. தவறுதலா விட்டுப்போனதைத் திருப்பி வைக்கிறது. அதை நான் இப்பவே, இந்த இடத்துலேயே பண்ணிடுவேன். இருந்துச்சுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் கொடுத்தா போதும்."

மேசையில் பேனா இருந்தது. வெள்ளைத் தாளும் இருந்தது. இருந்தது என்று எழுதினால், எடுத்தது யார் என்று கேட்பார்கள். யார் சொல்லி என்று கேட்பார்கள். வட்டம் சங்கடப்படுவார். பதினான்கு பேர் கையெழுத்திட்ட படத்தில் கை வைத்தவன் என்று இருபத்திரண்டு ஆண்டுப் பெயர் போகும். இவ்வளவும் ஒரு மிடறு டீ குடிக்கும் நேரத்தில் எனக்குத் தோன்றின. அக்காவும் தோன்றினாள். அவளை நான் சற்றுச் சிறிதாக வெட்டி ஒட்டியிருந்தேன்.

"தாள் பழசு மேடம்," என்றேன். "அதான் மை பரவுது."

"அப்போ மன்னிச்சுக்கங்க," என்று அவர் படத்தைத் தாமே பதமாகச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார்.

மாத முடிவில் அக்கா ஆவி அறையின் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தாள். அடுத்து வந்த புதன்கிழமை வட்டம் என்னை அழைத்தார். "பிளேடு எடுத்துட்டு வாங்க." ரயில்வேப் பொறியாளர்கள் அப்போதுதான் இடத்தை நேரில் பார்த்திருந்தார்கள். வட்டத்தின் நடுவில் தண்டவாளம் வளைகிறது. வளைவில் நடைமேடை கட்ட முடியாது. வட்டத்தை நகர்த்தினால் பதினான்கு கையெழுத்து. அதற்குள் வீடுகள் பாதிக்குமேல் பதிவாகிவிட்டன.

"வட்டம் இருக்கட்டும்," என்றார். "நிலையத்தை எடுத்துடுங்க."

"இதுக்காவது கையெழுத்து வேண்டாமா சார்?" என்று கேட்டேன். பணியில் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

"எடுக்கிறதுக்கு எதுக்குய்யா கையெழுத்து?"

என் புள்ளியையும் சேர்த்து எடுக்கச் சொன்னார். பதின்மூன்று கையெழுத்தோடு அது நிற்க இயலாது. வட்டம் இப்போது நடுவில் ஒன்றுமில்லாமல் மிகவும் சுத்தமாக இருந்தது. காலியான இடத்தை வாகன நிறுத்தப் பொறியாளர் கேட்டிருக்கிறார் என்று பின்னர் அறிந்தேன்.

கட்டடங்கள் எழும்பின. சுற்றிலும் அடைத்த தகரத்தில், பத்து நிமிட நடையில் ரயில் என்ற எழுத்தோடு விளம்பரப் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். ஒரு நாள் கடைக்குப் போய்வரும் வழியில் அக்கா அதன் முன் நின்றுவிட்டாள்.

"இது நான்தானே?"

"ஆமாக்கா."

"பைகூட என்னோடதுதான்." அண்ணாந்து பார்த்தாள். "கூரை நல்லா இருக்கு."

சாலையில் ஒரு லாரி போய் முடியும்வரை காத்திருந்தேன். "அக்கா, அந்தப் புள்ளியை எடுத்தது நான்தான்."

"தெரியும். கார்டு அன்னைக்கே கையில இருந்த தாளைக் காட்டினாரே, அந்தப் படத்தோட நகல். கீழே வரைந்தவர்னு உன் பேர்தானே இருந்துச்சு."

"அப்பவே ஏன் கேக்கலை?"

"கேட்டா என்ன பண்ணியிருப்ப? மன்னிப்புக் கேட்டிருப்ப. அதுக்கு வண்டி நிக்குமா?"

காய்ப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு அவள் நடந்தாள். மற்றொன்றையும், அந்த டீயையும் பேனாவையும் வெள்ளைத் தாளையும், நான் அவளிடம் சொல்லவில்லை. அன்று எழுதாத அந்த ஒரு வரியை இங்கே எழுதுகிறேன்: முதல் கையெழுத்தின்போது புள்ளி படத்தில் இருந்தது.

இழந்தவை வருமாறு.

ரயில் நிறுத்தம், ஒன்று. மேடை, அறுபது தப்படி. விளக்கு ஒன்று, பெஞ்சு ஒன்று, எழுத்தில்லாத பலகை ஒன்று. காலையில் நாற்பது விநாடி, மாலையில் நாற்பது விநாடி. அங்கே வழக்கமாக ஏறியவர்கள், பதினொரு பேர். அக்காவின் வேலை, பத்தொன்பது ஆண்டும் நான்கு மாதமும். புதிய நிலையம் ஒன்று, நடைமேடை நான்கு, கட்டுவதற்கு முன்பே. கூரை எந்த இடத்திலும் இருந்ததில்லை என்பதால் இதில் சேர்க்கவில்லை.